சரிபாதிக் கேலி

பெய்ரூத்தின் பழைய ஸைதா சாலையில் ஒரு பக்கத்துச் சுவர்களெல்லாம் ஒரு தலைவருக்கும், எதிர்ப்பக்கத்துச் சுவர்களெல்லாம் இன்னொரு தலைவருக்கும் சொந்தம். மாஜிதாவின் அழகு நிலையம் அந்தச் சாலையிலேயே இருந்ததால் இரு பக்கத்துப் பெண்களும் அங்கே வந்தார்கள். தலைமுடி மாஜிதாவின் பொறுப்பு. நகம் அவளுடைய தொழில் கூட்டாளி லோடியின் பொறுப்பு. மாஜிதா ஒரு பக்கத்தவள், லோடி மறுபக்கத்தவள். பல ஆண்டுகளாக அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. பேசத் தேவை ஏற்படவில்லை.

அந்தக் கோடையில் தேவை ஏற்பட்டது. புதிய அரசு அமையவில்லை. யாரால் அமையவில்லை என்பதைத் தொலைக்காட்சி காலை முதல் மாலை வரை விளக்கிக்கொண்டிருந்தது. எந்த அலைவரிசையை வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய கட்சிக்கு உரியது. பெட்டியை அணைத்து வைத்தால், என்ன நடக்கிறதோ என்று பெண்கள் பதறினார்கள். தலையில் சாயம் பூசிய நிலையில் இருவர் மோதிக்கொண்டு, ஒருத்தி மற்றவளின் காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்ட நாளில், மாஜிதா ஒலியை மட்டும் நிறுத்தினாள். திரையில் லோடியின் தலைவர் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். மாஜிதா வட்டச் சீப்பை ஒலிவாங்கியாகப் பிடித்து, அவருடைய உதட்டசைவுக்குக் குரல் கொடுத்தாள்.

“அருமை மக்களே! என் தலையில நரை தெரியுதுன்னு எதிராளிங்க புரளி கிளப்புறாங்க. அது நரையே இல்ல. போன அரசாங்கம் பூசிட்டுப் போன சாயம்!”

கடை சிரித்தது. லோடியும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “சிரிச்சாச்சு. இப்ப உங்க ஆளையும் பேச விடுடி.”

அமைச்சர் பதவி முதல் பள்ளிக்கூடக் காவலாளி வேலை வரை மதப் பிரிவுவாரியாகப் பங்கு வைக்கும் நாட்டில் கேலிக்கும் பங்கு கேட்டதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அந்தத் தலைவருக்கு ஒன்று என்றால் இந்தத் தலைவருக்கு ஒன்று. சாயம் ஊறக் காத்திருந்த பெண்களே கணக்கை விரல்விட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் தன் தலைவரின் முறை வரும்போது மாஜிதா அவருடைய கழுத்துப்பட்டையையோ வாசனைத் திரவியத்தையோதான் சீண்டினாள். அவருக்கு முழு வழுக்கை. முடிதிருத்துபவளின் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதை அவள் தொட்டதே இல்லை. லோடி அதைக் கவனித்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை லோடியின் தலைவருக்கு உரிய கேலி முடிந்து, மாஜிதாவின் தலைவர் திரைக்கு வந்த நொடியில் மின்சாரம் போயிற்று. தெரு ஜெனரேட்டர் உறுமி, பெட்டி மீண்டும் ஒளிர்ந்தபோது வேறு அலைவரிசை ஓடியது. அங்கேயும் லோடியின் தலைவரே நின்றார். பெண்கள் ஆவலாகப் பார்த்தார்கள். மாஜிதா யோசிக்காமல் சீப்பை எடுத்துவிட்டாள். கேலி பிரமாதமாக அமைந்தது, அதுதான் வினையாயிற்று.

லோடி வேலைக்கான மேலங்கியைக் கழற்றினாள்.

“தொடர்ந்து ரெண்டு, மாஜிதா.”

“கரண்டு போனதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?”

“கரண்டு மேல பழி போடாத, அமைச்சர் மாதிரி! எங்க ஆளைச் செருப்பால அடிக்கிற, உங்க ஆளை மயிலிறகால தடவுற. நானும் எத்தனை நாள்தான் சிரிக்கிற மாதிரி நடிக்கிறது?”

நகம் பாதி முடிந்த பெண்ணை அப்படியே விட்டுவிட்டு அவள் வெளியேறினாள். சாலைக்கு அந்தப் பக்கம் தனிக்கடை பார்க்கிறாள் என்ற செய்தி மறுநாளே வந்தது. கடை பிரிந்தால் வாடிக்கையும் பிரியும்; மாஜிதாவின் பக்கத்தவர்கள் மட்டும் வரும் கடையில் யாரோடு சேர்ந்து சிரிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று ஒலியை நிறுத்தி, லோடியின் தலைவருக்குக் குரல் கொடுத்துப் பார்த்தாள். தன் பக்கத்துப் பெண்கள் தாராளமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒலியை மீண்டும் வைத்தாள்.

வியாழக்கிழமை லோடி தன் நகக்கருவிப் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். அப்போது நாற்காலியில், தலை நிறைய சுருள் உருளைகளோடு, உம் நதீர், அதாவது நதீரின் அம்மா, அமர்ந்திருந்தாள். மாஜிதாவின் பக்கத்துக் கட்சி அலுவலகப் பொறுப்பாளரின் மனைவி. அவள் மகளின் திருமணத்துக்கு மணப்பெண்ணும் உறவுப் பெண்களும் இங்கேதான் அலங்காரம் செய்துகொள்வதாக ஏற்பாடு. திரையில் மாஜிதாவின் தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

லோடி அரங்களையும் சாயக்குப்பிகளையும் பெட்டிக்குள் அடுக்கினாள். மாஜிதா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஒலியை நிறுத்தினாள். சீப்பை எடுத்தாள்.

“அன்புச் சகோதரிகளே! இந்த முடிதிருத்துற நாற்காலியில நான் உக்காந்து முப்பது வருஷமாச்சு. தலையில ஒத்த முடி கெடையாது. ஆனா வேலை இன்னும் முடியல, எழுந்திரிக்க மாட்டேன்! எழுந்திரின்னு சொல்றவ துரோகி. நான் போனா என் மகன் உக்காருவான். அவனுக்கும் இப்பவே கொட்ட ஆரம்பிச்சிருச்சு, கவலைப்படாதீங்க!”

யாரும் சிரிக்கவில்லை. உம் நதீர் கண்ணாடி வழியாக மாஜிதாவைப் பார்த்தாள்.

“இத உன் வாயால சொன்னியா?”

“அவரு சொன்னாரு, உம் நதீர். நான் குரல்தான் குடுத்தேன்.”

“அவரு பேரைச் சொல்லித்தான் உன் தம்பி துறைமுகத்துல வேலை பாக்குறான். மறந்துராத. கல்யாணத்துக்கு நாங்க வேற எடம் பாத்துக்கறோம்.”

உருளைகளின் மேலேயே துணியைச் சுற்றிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். அவள் தலை வழக்கத்தைவிட இருமடங்கு பெரிதாகச் சாலையைக் கடந்தது.

“உருளையெல்லாம் போச்சே,” என்றாள் மாஜிதா.

லோடி பெட்டியை மூடவில்லை. “முட்டாள். கல்யாணம் முடியற வரைக்குமாவது பொறுத்திருக்கலாம்ல?”

“நீ அதுவரைக்கும் பொறுப்பியா?”

திரையில் இப்போது லோடியின் தலைவர் தோன்றியிருந்தார். மாஜிதா சீப்பை மேசையில் வைத்துவிட்டாள். லோடி அதை எடுத்து வாயருகே பிடித்தாள்.

“அருமை மக்களே,” என்று தொடங்கி நின்றாள். “எனக்கு... என் நகம் ரொம்ப நீளமா இருக்கு. அதனால... அரசாங்கம் அமைக்கக் கையெழுத்துப் போட முடியல.”

அவளுக்குக் கேலி வராது. காத்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்புறம்?” என்றாள் மாஜிதா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. “அப்புறம் என்னாச்சு, தலைவரே? சொல்லுங்க.”