தம்பி தன் வாயால் சொன்னது

என் தம்பிக்குப் பேச்சு திக்கும். எனக்கோ எதிலும் அவசரம். அவன் ஒரு பேச்சைத் தொடங்குவான், நான் முடித்துவிடுவேன். கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில் அவனுக்கும் சேர்த்து நானே பேசினேன். சொந்தக்காரர் வீட்டில் கேசரித் தட்டை நீட்டினால்கூட, "இனிப்பு அவனுக்குப் புடிக்காதுங்க" என்று முந்திக்கொள்வேன். அவன் சிரித்துக்கொண்டு சும்மா இருப்பான்.

இப்போது இருவருக்கும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை. களிமண் கூழை அச்சில் ஊற்றிவிட்டு, இறுகும்வரை காத்திருக்க வேண்டும். நான் பொறுக்காமல் திறந்து அடிக்கடி உடைத்துவிடுவேன். அவன் அச்சில் எல்லாம் முழுசாக வரும்.

போன வருடம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் மாதா கோயிலில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்து, அவள் பேரைச் சொல்லி, எல்லார் முன்னாலும் வாக்குறுதி கொடுக்க வேண்டும். அங்கே அவன் திக்கினால்? மைக், வீடியோ, சிரிப்பதற்கென்றே வரும் நாலு பேர். அவனிடம் சொல்லாமல் பங்குச் சாமியாரிடம் போனேன். "நீங்க கேள்வியா கேளுங்க சாமி, அவன் ஆமான்னு மட்டும் சொல்லட்டும்" என்றேன்.

விஷயம் தெரிந்து இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அச்சு மேசைக்கு வந்தான்.

"அக்கா, இது என் க... க... கல்யாணம். நா... நாந்தான் சொல்லுவேன். நீ வாய மூடிக்கினு இரு."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது.

கல்யாணத்தன்று சரியாக அவள் பேரில் மாட்டிக்கொண்டான். அந்தப் பேர் என் நாக்கு நுனியில் நின்றது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணோ, சோறு வேகட்டும் என்று அடுப்படியில் நிற்பவள்போல, அவன் முகத்தைப் பார்த்தபடி சாதாரணமாக நின்றாள். பேர் வந்தது. மீதியும் திக்கித் திக்கி, ஒரு சொல் குறையாமல் வந்தது. அவனை நினைத்து எனக்கு அப்படி ஒரு பெருமை. அவளை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

பந்தியில் நான்தான் கேசரி பரிமாறினேன். பழக்கதோஷம், அவன் இலையைத் தாண்டிப் போனேன்.

"அ... அ..." என்றான்.

நின்றேன். பின்னால் பிரியாணி வாளியோடு வந்தவர், "நகருங்கம்மா" என்றார். நகரவில்லை. அவன் முடிக்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, எ... எனக்கும் வையி. சின்ன வயசுலேருந்தே ரொம்பப் பு... புடிக்கும்."