சந்தனம் பூசிய சென்சார்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மில் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் திரை சிவந்தது.

கொட்டாம்பட்டிப் பக்கத்து நூற்பாலை அது. அங்கே எல்லா மெஷினுக்கும் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரின் டிஜிட்டல் ட்வினைக் கவனிப்பது என் வேலை. ட்வின் என்றால் கம்ப்யூட்டருக்குள் ஓடும் அதே மெஷின். சென்சார்கள் அனுப்பும் சூடு, அதிர்வு, கரண்ட் எல்லாவற்றையும் வைத்து, நிஜ மெஷின் இந்நேரம் எப்படி இருக்கவேண்டும் என்று கணக்குப் போடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டில் எல்லோருக்கும் இதை விளக்கிப் புரியவைத்துவிட்டேன், முதலாளிக்குத்தான் புரியவில்லை.

அன்று மோட்டார் வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் இழுத்தது. பேரிங்கோ ஜில்லென்று இருப்பதாகச் சென்சார் சொன்னது. இரண்டும் சேர்ந்து நடக்க வாய்ப்பில்லை என்றது ட்வின்.

"கம்ப்ரஸர நிறுத்தணும் சார்."

"ஏம்மா, சூடானாலும் நிறுத்துங்குற, குளுந்தாலும் நிறுத்துங்குற. மெஷினு என்னதான் செய்யணும்?" என்றார் முதலாளி.

ஃபோர்மேன் மருது அண்ணனுக்குக் குஷி. "நான் போட்ட பூசை தங்கச்சி! ஆத்தா குளுர வச்சிருக்கா. நீ போய் சுண்டல் சாப்புடு."

கம்ப்ரஸர் நின்றால் மொத்த மில்லும் நிற்கும். போன மாதம் ட்வின் ஒரு பொய் எச்சரிக்கை கொடுத்தபோதே முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ வீணா நின்னுச்சு, அதுவும் போகும், நீயும் போவ."

போய் ஸ்டாப் பட்டனை அழுத்தினேன். மில் அடங்கியது. முதலாளி கத்தியது பழங்காநத்தம் வரை கேட்டிருக்கும்.

கிட்டப்போய்ப் பார்த்தால், பேரிங்கைத் தொடாமலே சூடு பார்க்கும் சென்சாரின் லென்ஸ் மேல் தடிமனாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அது அளந்துகொண்டிருந்தது பேரிங்கின் சூட்டை அல்ல, சந்தனத்தின் சூட்டை. பேரிங் பக்கம் கைவைத்த மருது அண்ணன் "ஆத்தாடி!" என்று உதறினார். பூஜைக்குத் துடைத்த கையோடு கிரீஸையும் அள்ளித் திணித்திருக்கிறார். அளவுக்கு மீறிய கிரீஸ் பேரிங்கைக் கொதிக்க வைத்திருந்தது.

"லென்ஸுல எதுக்குய்யா பொட்டு?"

"சாமி கண்ணு மாதிரி மின்னுச்சு மொதலாளி."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இனிமே ஒனக்குத் தோணுனா நிறுத்திக்கம்மா. என்கிட்ட கேக்க வேணாம்."

"எழுதிக் குடுத்துருங்க சார்."

"ஏன், என் வாய்ச்சொல்லு போதாதா?"

"இப்பக் கத்துனதும் அதே வாய்தானே சார்."

எழுதிக் கொடுத்தார்.

இனி எல்லா ஆலைக்கும் ட்வின் வரப்போகிறது. இந்த வேலைக்கு வருகிறவர்கள், மெஷினை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று முதல் நாளே கேளுங்கள். உங்களுக்கு இல்லை என்றால், மெஷின் எரிவதை நேரலையில் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.