மூன்று முறை அறுந்த தங்கூசி

அந்தக் கோடையில் நான் பிடித்த முதல் விராலைக் கல்லால் அடித்துத்தான் கொன்றேன். கரையில் இழுத்துப் போட்ட பிறகும் அது துள்ளித் துள்ளித் தண்ணீருக்கே போகப் பார்த்தது. இரண்டு கையாலும் அமுக்கினேன், வழுக்கியது. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துத் தலையில் இறக்கினேன். நாலாவது அடியில்தான் அடங்கியது. சட்டையெல்லாம் ரத்தமும் சேறும். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்த அண்ணன் முகத்தைச் சுளித்தான்.

"எதுக்குடா இம்புட்டு வெறி? ஒரு தட்டு தட்டுனாப் போதும்ல."

நான் சிரித்து மழுப்பினேன். அவன் கேட்டது சரியான கேள்விதான்.

கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அங்கே என்னை அமைதியான சார் என்பார்கள். கோபத்தைப் பத்து மாதம் விழுங்கிவிட்டு, மே மாத விடுமுறையில் ஊருக்குப் போவேன். எங்கள் ஊர் திருவாதவூர்ப் பக்கம். எங்கள் அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அண்ணன் கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதித்து ஒன்றரை ஏக்கர் வாங்கி, இப்போது சொந்தமாக விவசாயம் பார்க்கிறான்.

அந்த வருடம் ஆன்லைனில் ஒரு தூண்டில் வாங்கியிருந்தேன். மண்புழு மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் தூண்டில் இல்லை. கோழி இறகை நூலால் சுற்றிக் கட்டிய முள்ளை, பூச்சி விழுவதுபோலத் தண்ணீர்மேல் விழ வைக்க வேண்டும். அதற்குக் கனமான மஞ்சள் கயிறு ஒன்று உண்டு. அதைச் சாட்டைபோல முன்னும் பின்னும் வீச வேண்டும். கயிற்றின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்கூசி, அதாவது நைலான் நரம்பு, எட்டடி. அதன் முனையில் இறகு முள். வீசும்போது வருகிற அந்த 'விஷ்' என்ற சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கோடையில் கண்மாய் வற்றி, மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும். காலை எட்டு மணிக்கே அது வெதுவெதுப்பாகிவிடும். மூச்சு வாங்க விரால் மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டு உள்ளே போகும். குத்தகைக்காரர் வலைபோட்டு முடித்துவிட்டதால், மிச்ச மீனை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

முதல் முறை தங்கூசி அறுந்தபோது மீனின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. தண்ணீர் வெடித்தது, கழி வளைந்தது, நான் ஆத்திரத்தோடு வெட்டி இழுத்தேன், அவ்வளவுதான். கையில் பாரம் இல்லை. முனையைப் பார்த்தேன். பன்றிவால்போலச் சுருண்டிருந்தது. அறுந்ததுகூட இல்லை, முடிச்சு நழுவியிருக்கிறது. முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். காய்ந்தபடியே இறுக்கினால் உரசும் சூட்டில் தங்கூசி வெந்து பலம் போய்விடும். பிள்ளைகளுக்கு நைலானைப் பற்றி வருடாவருடம் பாடம் எடுக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை, மீன் நேராகத் தண்ணீருக்குள் கிடந்த சீமைக்கருவேல வேர்மூட்டுக்குள் போய்ப் புகுந்துகொண்டது. விட்டுப் பிடித்திருக்கலாம். நான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பட்டென்று அறுந்து, மஞ்சள் கயிறு திரும்பி வந்து என் கன்னத்தில் அடித்தது. கோடு விழுந்து ரத்தம் கசிந்தது. இந்த முறை முனை சிலும்பு சிலும்பாக இருந்தது. மரத்தில் உரசித் தேய்ந்திருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு மீனுக்கும் பிறகு தங்கூசியை உதட்டில் வைத்து இழுத்துப் பார்ப்பேன். சொரசொரப்பு தட்டினால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவேன். அப்படியும் ஆத்திரம் தீராமல், இருமடங்கு தடிமனான தங்கூசி வாங்கி வந்தேன். இனி எது அறுந்தாலும் தங்கூசி அறாது என்று அண்ணனிடம் சொன்னேன்.

அந்தப் பள்ளத்தில் இருந்ததிலேயே பெரிய விரால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கவ்வியது. தொடை தடிமன் இருக்கும். கழி அரைவட்டமாக வளைந்தது. நான் முழங்கால் ஆழத்தில் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏய்! யார்ரா அது கண்மாய்க்குள்ள?"

கரையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடைக்குக் கீழே இருக்கும் வயலெல்லாம் அவருடையது. எங்கள் அப்பா அவர் வீட்டுக்குத்தான் இருபது வருடம் வேலை செய்தார். கையில் அரிவாள் இருந்தது. முள் வெட்ட வந்திருப்பார்.

அண்ணன் முன்னால் ஓடினான். "நாந்தான்யா. தம்பி லீவுக்கு வந்திருக்கான். குத்தகைக்காரர்ட்ட சொல்லிட்டுத்தான்யா எறங்குனோம்."

"அவன் யாரு சொல்றதுக்கு? வெளிய ஏறச் சொல்றா."

"மீன் மாட்டிக் கெடக்கு. எடுத்துட்டு ஏறுறேன்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் தண்ணீருக்குள் இறங்கினார். விறைத்து நின்ற தங்கூசியை இடது கையில் சுற்றிப் பிடித்து, என் பக்கமாக அரிவாளால் ஒரு வெட்டு வெட்டினார். கழி நிமிர்ந்த வேகத்தில் நான் மல்லாந்து சேற்றில் விழுந்தேன். மறுமுனை அவர் கையில் சுற்றியிருந்தது. விரால் இன்னும் அதில் இருந்தது. அது இழுக்க, தங்கூசி அவர் உள்ளங்கையை அறுத்தது. அவர் கோபத்தில் வெடுக்கென்று இழுத்தார். முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு பறந்து வந்து, அவர் முன்னங்கையில் ஆழமாக இறங்கியது.

வலியில் கத்தியவர், எழுந்துகொண்டிருந்த என் நெஞ்சில் உதைத்தார்.

"உங்கப்பன் எங்க வரப்புல கைகட்டி நின்னவன்டா! நீ எனக்கே எதுத்துப் பேசுறியா?"

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல இன்றும் எனக்குக் கஷ்டம்தான். அவர் வாயில் குத்தினேன். அரிவாள் கீழே விழுந்தது. மூக்கில் குத்தினேன், ரத்தம் வந்தது. அவர் என் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். சேற்றுத் தண்ணீர் மூக்கில் ஏறியது. திமிறி எழுந்தபோது அவர் கையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த தங்கூசி என் கையில் சிக்கியது. அதைப் பிடித்து இழுத்தேன். அவர் அலறினார். மறுபடியும் இழுத்தேன். தோல் கூடாரம்போல மேலே எழும்பியது. மீனை இழுப்பதுபோலவே அவரை இழுத்து மண்டி போட வைத்தேன். அப்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

அண்ணன் என் காதோடு சேர்த்து ஒரு அறை விட்டான். கண் இருட்டியது. என்னைக் கரையில் தள்ளிவிட்டு, அரிவாளை எடுத்துப் பள்ளத்தின் நடுவில் எறிந்தான். அவர் சேற்றில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"முள்ள எடுத்து விடுறா" என்றான் அண்ணன்.

முள்ளின் முனைக்குப் பின்னால் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். நேராக இழுத்தால் சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். வேறொரு தங்கூசித் துண்டை முள்ளின் வளைவில் வளையமாகப் போட்டேன். முள்ளின் தண்டைத் தோலோடு அழுத்திப் பிடித்து, வளையத்தைச் சட்டென்று சுண்டினேன். முள் தெறித்து விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து, கரையேறிப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் சொன்னான்: "நீ பஸ் ஏறிப் போயிருவ. நான் இங்கதான்டா கெடக்கணும். எந் தண்ணி அவரு வாய்க்கா வழியாத்தான் வருது."

நான்கு நாள் அவன் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆள் வருவார்கள், போலீஸ் வரும் என்று காத்திருந்தோம். யாரும் வரவில்லை. கருவேல முள் குத்திவிட்டது, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அவர் ஊரில் சொல்லியிருக்கிறார். எங்களிடம் அடி வாங்கியதாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வாய்க்காலையும் அடைக்கவில்லை. ஆனால் அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். போன் செய்தால் மதினிதான் எடுப்பார்.

ஆவணியில் ஒருநாள் அண்ணன் கடலை மூட்டையோடு கே.கே. நகருக்கு வந்தான். சாப்பிட்டுக் கைகழுவும்போது சொன்னான்.

"அவரு கை ஆறிருச்சு. போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு."

"அப்பாவைப் பேசுனதுக்கு அவரு கேப்பாரா?"

"கேக்க மாட்டாரு. நீ அடிச்சதுக்குக் கேக்கச் சொல்லல. நரம்பப் புடிச்சு இழுத்தியே, அதுக்குக் கேளு. மாட்டைக்கூட அப்படி இழுக்க மாட்டான் ஒருத்தன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் வயலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் ரோட்டிலேயே பைக்கில் இருந்தான். "அன்னைக்கு அப்படி இழுத்திருக்கக் கூடாது. தப்புத்தான்" என்றேன். அடித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியால் ஒரு கட்டிச் சேற்றை அள்ளி வரப்பில் வைத்தார்.

"சரி, போ" என்றார்.

ரோட்டுக்கு வந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"சரி, போன்னாரு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அண்ணன் வண்டியை உதைத்துக் கிளப்பினான். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.