கிளியர் என்று அக்கா சொன்னால்

முகத்தை மறைக்கும் கண்ணாடித் தகட்டை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, வியர்வை வழிய வழிய அக்கா சொல்லும் "கிளியர்" இன்னும் என் காதில் கிடக்கிறது. கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கு அவர் தலைவி. நான் அந்தக் குழுவின் அம்புலன்ஸ் சாரதி. வயதில் என்னிலும் இளையவர்தான். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் படாத பாடு படுகிறது. மாங்குளம் சந்தியில் பஸ் நடத்துநர் கிளியர் என்றால், பின்னால் வாகனம் இல்லை. மல்லாவிப் புடைவைக் கடையில் கிளியர் என்றால், கிடக்கிற சேலையெல்லாம் விற்றுத் தீர வேண்டும். போன மாதம் டொக்டர் என் எக்ஸ்ரேயைப் பார்த்துக் கிளியர் என்றார். "நெஞ்சோ, படமோ?" என்று நடுங்கிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்காவின் கிளியரோ வாயோடு முடியாது. துப்புரவாக்கிய காணியை உரியவரிடம் கொடுக்கும் நாளில், அவர் கண்முன்னே குழு முழுவதும் அதன்மேல் நடந்து காட்டும். அந்த நாட்களில் பார்த்து அம்புலன்ஸ் டயரில் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

நாயாற்றுப் பக்கக் காணி ஒன்று. உரியவர், நாங்கள் நானா என்று அழைத்த முஸ்லிம் கமக்காரர். போர்க்காலத்தில் இங்கிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். குழு நடந்து முடித்தும் அவர் எல்லைக் கட்டையைத் தாண்டவில்லை.

"நம்பிக்கை இல்லையோ நானா?" என்று அக்கா கேட்டார்.

"நம்பிக்கை இருக்கு தங்கச்சி. கால்தான் கேக்குதில்ல. நீங்க பழகின ஆக்கள், நடப்பீங்க. வாப்பா கட்டின கிணத்த இங்கயிருந்தே பாத்திட்டன், அதுவே எனக்குக் காணும். வித்துப்போட்டுப் புத்தளத்துக்கே போறன்."

அக்கா சுற்றிப் பார்த்தார். பழகாத கால் ஒன்று டயருக்குப் பின்னால் குந்தியிருந்தது.

"டிரைவர் அண்ணை, வாங்கோ."

"டயர்..."

"அது ஒரு இடமும் ஓடாது. நீங்கள் வாங்கோ."

முன்னால் நடந்த அக்காவின் சப்பாத்துத் தடம் ஒவ்வொன்றிலும் என் காலைப் பொருத்திப் பின்னால் போனேன். தடம் சிறியது, என் குதி வெளியே நீட்டியது. ஆகவே கைகளை விரித்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தேன். ஓணான் ஒன்று சரசரத்தது. தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். நானாவின் காணி என்பதால் அல்லாவையும் விடவில்லை.

பின்னால் பெருஞ்சிரிப்பு. "தம்பி, கொக்குத் தோத்துப்போகும்! இவ்வளவு பயந்த மனுசனே போறார்!"

திரும்பினேன். நானா வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி காணிக்குள் நின்றார். எப்போது காலை வைத்தாரென்று அவருக்கே தெரியாது. தெரிந்த கணத்தில் சிரிப்பு நின்றது. சற்று நேரம் மண்ணையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, யாருடைய தடத்தையும் பாராமல், கிணற்றை நோக்கி நேரே நடந்தார். அக்கா தலைக்கவசத்தைக் கழற்றினார்.

அக்கா இப்போது வேறு காணிகளில் நடக்கிறார். நானாவின் காணியில் கச்சான் கடலை விளைகிறது. நான் போனால் அவர் குறுக்கே நடந்துவந்து கையைப் பிடிப்பார். நான் இன்றைக்கும் வேலியோரமாகச் சுற்றித்தான் கிணற்றடிக்குப் போகிறேன். கச்சான் செடி மிதிபடக் கூடாதல்லவா என்பேன். நானாவும் நம்பியதுபோல் தலையாட்டுவார்.