எட்டாம் நம்பர் தூளி

பக்கத்து வீட்டு தசரதன் அண்ணன் செங்கம் சாலையில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். எண்பத்து மூன்றாம் வருஷம் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ரேடியோவில் கேட்ட பழைய சினிமாப் பாட்டுகளுக்கெல்லாம் படம் வரைந்து, பாட்டுக்குப் பத்தே பிரதி அடித்து, ஓரத்தில் நம்பர் போட்டார். பிறகு அச்சைக் கழுவி அழித்துவிடுவார். பதினோராவது பிரதி அண்ணாமலையாரே கேட்டாலும் கிடையாது.

எட்டைத் தவிர எல்லா நம்பரும் விற்றது. "சனி நம்பர்ங்க, வேற குடுங்க" என்று ஊர்க்காரர்கள் நழுவிவிடுவார்கள்.

தாலாட்டுப் பாட்டுக்கு அவர் வரைந்த தூளிப் படத்தின் மேல் ஜோதி அண்ணிக்குக் கொள்ளை ஆசை. "எனக்கு அந்த எட்டே போதுங்க" என்று சுவரில் ஆணியும் அடித்துவிட்டார்.

"சனிய யாராவது வூட்ல மாட்டுவாங்களா? சும்மா இரு ஜோதி."

மறுவாரம், ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் எட்டுகளையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார். சனி தொலைந்தது என்று அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். அண்ணி ஆணியைப் பார்த்தார்.

அதன்பிறகு அண்ணன் அதே தூளியைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அண்ணி, "நல்லாத்தான் இருக்குது. ஆனா அது இது இல்லீங்க" என்பார்.

"பேசாம ஆணிக்கே ஒரு நம்பர் போட்டுடுங்கண்ணா" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"எட்டுன்னே போடுறேன்டா, அந்தப் படம் திரும்பி வந்தா" என்றார்.

எந்த வீட்டு ஆணியைக் கண்டாலும் என் சட்டையை மாட்டிவிடுவேன். அந்த ஆணியில் மட்டும் மாட்டுவதில்லை.