உத்தரவு எண் இல்லாத முப்பத்தொன்பது ஊசிகள்

மாவட்ட சுகாதார அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம், நான்கு மாதம் எழுத்தராக இருந்தேன். என் பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் கிடையாது. ஆனால் தொலைபேசிப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

அதற்குக் காரணமானவர் ஒரு துணை சுகாதார நிலையத்து நர்ஸ். எல்லாருக்கும் சைக்கிள் அக்கா. மணிச்சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் பதுங்குகிறார்கள் என்று சைக்கிள் மணியையே கழற்றிவிட்டவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.52க்கு அவரிடமிருந்து போன்.

"அண்ணே, ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு. தடுப்பூசி மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாத்திட்டேன். நாலு மணி நேரம் தாங்கும். வியாழக்கிழமை போட வேண்டிய பிள்ளைங்களுக்கு இன்னிக்கே போட்டுடட்டுமா?"

"அதிகாரி லீவும்மா. எழுதிக் குடு, வந்ததும் கையெழுத்து வாங்கித் தர்றேன்."

"எப்ப வருவாரு?"

"வெள்ளிக்கிழமை."

"அதுவரைக்கும் உருகாதேன்னு ஐஸைக் கெஞ்சவாண்ணே?"

வைத்துவிட்டார். வீடு வீடாகப் போய், 2.15க்குள் முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடித்தார். ஒரு சொட்டு வீணாகவில்லை. தடுப்பூசிப் பதிவேட்டில் 'உத்தரவு எண்' கட்டத்தில், "இல்லை. ஐஸ் இருந்தது" என்று எழுதினார்.

அந்த ஒரு வரிக்காக விசாரணை வந்தது. வேலை போகும் என்றே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். குறிப்பெடுக்க நானும் அந்த அறையில் இருந்தேன்.

"அலுவலகத்தைக் கேட்டீங்களா?" என்றார் அதிகாரி.

"கேட்டேங்க."

"யார் என்ன சொன்னாங்க?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். "லைன் சரியா கேக்கலைங்க."

என் பேனா நின்றுவிட்டது. லைன் நன்றாகத்தான் இருந்தது. எழுந்துபோய்த் தொலைபேசிப் பதிவேட்டை எடுத்து வந்தேன். 10.52க்கு அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் ஓர் எழுத்து விடாமல் படித்தேன். அதிகாரி விசாரணைக் கோப்பை மூடினார்; யார் வேலையும் போகவில்லை.

வெளியே வந்ததும், "எனக்காக ஏம்மா பொய் சொன்னே?" என்றேன்.

"உங்க வேலை போயிட்டா, எழுதிக் குடுன்னு எனக்கு யாருண்ணே சொல்லுவாங்க?"

மூன்று மாதத்தில் புது ஆணை வந்தது: இப்படிப்பட்ட நேரங்களில் நர்ஸே முடிவெடுக்கலாம், பிறகு தெரிவித்தால் போதும். 'உத்தரவு எண்' இருந்த கட்டத்துக்கு 'முடிவெடுத்தவர்' என்று நானே தலைப்பு எழுதினேன். நான் ஓய்வு பெறும்வரை அதில் சைக்கிள் அக்காவின் கையெழுத்து நூற்றுப் பதினான்கு தடவை வந்தது. ஒன்றைக்கூட மேலிருந்து யாரும் மாற்றவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன், நன்றியோடு.