இரண்டு கம்ப்யூட்டருக்கு இரண்டு பூ

பூக்கட்டிப் பார்த்த அன்று பூம்பாறைக் கோயிலில் அப்பா, அம்மா, நான், பூசாரி ஆகிய நால்வரும் இருந்தோம். பெரியப்பா இல்லை. பெரியப்பா மகன் இல்லை. எந்தக் கம்ப்யூட்டர்களின் பேச்சைச் சாமியிடம் கேட்கப் போனோமோ, அவற்றைப் பற்றிச் சொன்ன சாரும் இல்லை. அவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அப்பாவின் ஏற்பாடு.

சார் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். மழை, வெயில், காற்று, கடல் எல்லாவற்றையும் கணக்காக எழுதிக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பூமியை ஓடவிடுவது அவர் வேலை. அவர்கள் செய்த பூமி ஒன்று, வெளிநாட்டார் செய்த பூமி ஒன்று. இரண்டில் எது நிஜத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க, மலையில் பெய்த பழைய மழையின் கணக்குகளைத் தேடி வந்தவர், பெரியப்பா வீட்டு மாடியறையில் தங்கினார். எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் வம்சத்தில் ஆறாம் வகுப்பை எட்டிய முதல் ஆள் நான். நாயுடுபுரத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு ஊர் வந்தால், மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட பெரியப்பா மகன் சாரின் ஜீப்பில் முன்சீட்டில் போகிறான்! என்னைக் கண்டால், "சாருக்கு வெந்நி கொண்டுபோற சோலி கெடக்கு. நீ வெரசா போய்ப் படிலே" என்பான்.

அப்பாவுக்கும் இதே எரிச்சல்தான். கம்ப்யூட்டர் மழையைப் பற்றிச் சொல்கிறதாமே, அதை அண்ணன் மட்டும் கேட்டு வைத்துக்கொண்டால்? பெரியப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "தெரிஞ்சுக்கிட்டுத்தான் கமுக்கமா இருக்கான்" என்றார் அப்பா.

படித்தவன் நானிருக்க அவனெதற்கு என்று, ஒருநாள் ஜீப்பில் ஏறப்போன சாரை நானே மறித்தேன்.

"சார், மழை கூடுமா, குறையுமா?"

"ஒண்ணு கூடும்ங்குது, ஒண்ணு குறையும்ங்குது தம்பி. எது சரின்னு பாக்கத்தான வந்திருக்கேன்."

ஜீப் கிளம்பிவிட்டது. எந்த வருடத்து மழை என்று நான் கேட்கவில்லை.

அப்பா இதைக் கேட்டுக் கொஞ்சமும் குழம்பவில்லை. எங்கள் ஊரில் இரண்டு வழி எதிரே நின்றால் சாமி முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். மழை குறையும் என்ற கம்ப்யூட்டருக்கு வெள்ளை, கூடும் என்றதற்குச் சிவப்பு. வெள்ளை வந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்று தரிசாகவே விடும் ஓடைக்காட்டிலும் பூண்டு நடுவது.

"அந்தப் பெட்டி நம்ம ஓடைக்காட்ட வந்து பாத்துச்சாக்கும்?" என்றாள் அம்மா.

"சாமி பாத்துருக்குல்ல, பேசாம இரு."

பொட்டலத்தை எடுக்கச் சொன்னது என்னைத்தான். வெந்நீர் சுமக்கிறவன் சுமக்கட்டும், இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் தீர்ப்புச் சொல்கிறவன் நான் என்று நெஞ்சு நிமிர்ந்தது. வெள்ளை வந்தது.

ஆடியில் மழை விடாமல் கொட்டியது. ஓடைக்காட்டுப் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகி, நாற்றம் பாதை வரைக்கும் வந்தது. செய்தி கேட்டு, நான் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சார் இறங்கி வந்தார். அவருக்குக் குடை பிடித்தபடி பெரியப்பா மகன். அத்தனை நஷ்டத்திலும் என் கண் அந்தக் குடைமேல்தான் இருந்தது.

அப்பா நடந்ததைச் சொன்னார். சார் சிரிக்கவில்லை.

"அண்ணே, அது இந்த வருசத்து மழை இல்லங்க. காத்துல கரியமில வாயு ரெண்டு மடங்கானா என்ன ஆகும்னு போட்ட கணக்கு. நம்ம பேரப்பிள்ளைங்க காலமா இருக்கலாம். அதுல உங்க மலையே கெடையாது. பூமியப் பெரிய பெரிய கட்டமா பிரிச்சதுல, கொடைக்கானலும் மதுரையும் ஒரே கட்டத்துக்குள்ள, ஒரே உயரத்துல கெடக்கு."

அப்பா அழுகிய பூண்டு ஒன்றைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"அப்ப எங்கண்ணனுக்கும் அது ஒண்ணும் சொல்லலையாங்க?"

"அவருக்கு என்ன சொல்லும்? ஒண்ணும் சொல்லலங்க."

அழுகிய பூண்டுக்கு நடுவில் நின்றிருந்த அப்பாவின் முகம் சட்டென்று தெளிந்தது. வீடு திரும்பும்போது ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தார். இந்த மனுஷனுக்கு இப்போது என்ன சந்தோஷம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு எங்கள் வீட்டுக்கு ஆன செலவு, விதை, எரு, கூலி எல்லாம் சேர்த்து, அந்தக் காலத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.